இரண்டு நாள் கட்டற்ற மென்பொருள் மாநாடு: அமர்வுகளை எப்படிப் பிரிப்பது?

காவிரிக்கரை (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லினக்ஸ் பயனர் குழு, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு ஜனவரிக் கடைசியில், திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மாநாடு நடத்தவிருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாட்கள். இதுவரை ஒரு நாள் நிகழ்ச்சிகளைத்தான் நடத்தியிருக்கிறோம்.

கல்லூரி தருவது 400 இருக்கைகள் கொண்ட கலையரங்கம், 60 பேர் அமரக்கூடிய இரண்டு வகுப்பறைகள், 70 கணினிகள் உள்ள ஓர் ஆய்வகம். சுமார் 300 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பாதிக்கு மேல் மாணவர்கள்; நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள், பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் சென்னை, கோவை, பெங்களூரில் வேலை பார்க்கும் நிரலாளர்கள், சில கணினி நிர்வாகிகள், ஆசிரியர்கள்.

குழு கூடிப் போட்ட முதல் வரைவில் ஐந்து டிராக்குகள் (தலைப்புவாரியான உரை வரிசைகள்) இருக்கின்றன: செயற்கை நுண்ணறிவு, கிளவுட், வலைத்தளம், பாதுகாப்பு, தமிழ்க் கணிமை. ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் உரைகள். இதுவரை 44 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. முடிந்தவரை எல்லோருக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உரையே வேண்டாம், முழுக்கப் பயிற்சிப் பட்டறையாக நடத்துவோம் என்று சிலர். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் போடாமல், வந்தவர்களே அன்று காலை தலைப்புகளை முடிவுசெய்யும் முறையைப் பின்பற்றலாம் என்று ஒருவர். கல்லூரியோ குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் கட்டாயம் வேண்டும் என்கிறது.

பெரிய மாநாடுகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.


இடைவேளை (சென்னை):

தம்பி, ஐந்து டிராக்குகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். அவர் அந்தத் துறையில் உண்மையிலேயே வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். விண்ணப்பங்களைப் படிக்கவும், பதில் போடாத பேச்சாளரைத் தொலைபேசியில் பிடிக்கவும், காலையிலிருந்து மாலைவரை அந்த அறையை விட்டு நகராமல் இருக்கவும் சம்மதிக்க வேண்டும். அப்படிப் பெயர் கிடைக்காத டிராக்கை அடித்துவிடுங்கள். ஐந்தில் இரண்டு மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு நடப்பது இந்த ஒரே கொள்கையில்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி தொடக்கத்தை ஒட்டி ஒரு சனி, ஞாயிறு. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சோல்பாஷ் வளாகம். கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. எட்டாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெரிய அரங்குகளின் முதன்மை உரைகளையும் சிறு உரைகளையும் மட்டும் மையக் குழு பார்த்துக்கொள்கிறது. மற்றபடி, பல மாதங்களுக்கு முன்பே "யாருக்கு அறை வேண்டும்?" என்று அறிவிப்பு வெளியாகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பைத்தான் நிரல்மொழி என்று அந்தந்தச் சமூகத்தார் விண்ணப்பிப்பார்கள். அறை கிடைத்தவர்கள் தாங்களே உரைகளை அழைத்து, தாங்களே தேர்ந்தெடுத்து, நேரமும் ஒதுக்குவார்கள். மையக் குழு தருவது அறை, புரொஜெக்டர், கேமரா. சம்பளம் வாங்காத தன்னார்வலர்களால் இரண்டே நாட்களில் நூற்றுக்கணக்கான உரைகளை நடத்த முடிவது இதனால்தான். டிராக் என்பது தலைப்பு அல்ல, பொறுப்பு.

ஃபாஸ்டெமுக்கு ஒரு நோயும் உண்டு. நல்ல அறைகளின் கதவில் "இடமில்லை" என்ற அட்டை தொங்கும். மதியம் மூன்று மணி உரையைக் கேட்பதற்காகக் காலை பத்து மணிக்கே வந்து, தனக்குப் புரியாத நான்கு உரைகளைச் சகித்துக்கொண்டு நாற்காலியைக் காப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்று அறைத் திட்டத்தில் இதேதான் நடக்கும், சிறிய அளவில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பேர் மூன்றாகப் பிரிந்தால் 60 பேர் அறையில் 100 பேர் முட்டுவார்கள். 400 பேர் அரங்கில் 100 பேர் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். மேடையிலிருந்து பார்க்கும் பேச்சாளருக்கு அரங்கம் காலியாகத் தெரியும். இரண்டு இடத்திலும் கெடும்.

ஆகவே முதல் நாள் கலையரங்கில் எல்லோருக்குமான உரைகளைத் தொடர்ச்சியாக வையுங்கள். ஒரு வகுப்பறையில் மட்டும் இணையாக ஆழமான உரைகள். இரண்டாவது வகுப்பறையைக் காலியாக விடுங்கள். அதற்கு என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

தலைப்புகளைப் பற்றி ஒரு கசப்பான கருத்து. செயற்கை நுண்ணறிவு, கிளவுட் என்று பெயர் வைத்தால் வருவது முக்கால்வாசி நிறுவனப் பொருள் அறிமுகம்தான். அந்த உரைகளில் கட்டற்ற மென்பொருள் கடைசி ஸ்லைடில் ஒரு சின்னமாக மட்டும் இருக்கும். கேட்பவர் வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறார் என்பதைக் கொண்டு பிரியுங்கள்: பயன்படுத்தப்போகிறவர்கள், நிறுவி நிர்வகிக்கப்போகிறவர்கள், நிரலிலோ மொழியாக்கத்திலோ பங்களிக்கப்போகிறவர்கள். முதல் இரண்டும் கலையரங்கத்துக்கு. மூன்றாவது வகுப்பறைக்கு. பாதுகாப்பைப் பற்றிய உரை மூன்றில் எங்கு வேண்டுமானாலும் வரலாம், அதற்குத் தனிக் கொட்டகை தேவையில்லை.

நேரம்: 25 நிமிட உரை, 5 நிமிடக் கேள்வி, 10 நிமிட மாற்று நேரம். அந்தப் பத்து நிமிடத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. இணைப்பி பொருந்தாமல் போவதும், பேச்சாளர் கழிப்பறையிலிருந்து திரும்பாமல் இருப்பதும் அப்போதுதான் நடக்கும். ஒரு நாளைக்கு ஓர் அறைக்கு ஆறு உரைகளுக்கு மேல் தாங்காது. இரண்டு அறைக்கும் சேர்த்து முதல் நாள் 12, மறுநாள் காலையில் ஆறேழு. 44 விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் மறுக்க வேண்டிவரும். எல்லோருக்கும் வாய்ப்பு என்ற பேச்சு பேச்சாளருக்கு இனிக்கும். நாற்காலியில் எட்டு மணி நேரம் இருப்பவரையும் யாராவது நினைக்க வேண்டாமா? மறுக்கப்பட்டவர்களுக்கு ஐந்து நிமிட மின்னல் உரையும் உங்கள் மாதக் கூட்டமும் இருக்கின்றன. மறுப்புக் கடிதத்தில் ஒரு வரியாவது காரணம் எழுதுங்கள்.

தேர்வு செய்யும்போது முதல் சுற்றில் பெயரை மறைத்துப் படியுங்கள். ப்ரீடாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. விண்ணப்பம், மதிப்பெண், நிகழ்ச்சி நிரல் மூன்றும் அதிலேயே முடியும். கூகுள் படிவத்தில் வாங்கி விரிதாளில் வெட்டி ஒட்டிக்கொண்டு கட்டற்ற மென்பொருள் மாநாடு என்று பலகை வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாம் நாளைப் பற்றி மாலையில் எழுதுகிறேன். அது நீளமான விஷயம்.


ஒலிக்கம்பி (கோவை):

அக்கா சொன்னதோடு ஒளிப்பதிவைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அறைகளின் எண்ணிக்கையை இதுவும் தீர்மானிக்கிறது. பதிவு செய்ய உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஓர் அறைக்குக் குறைந்தது இரண்டு பேர், மாற்றாள் ஒருவர். மூன்று அறை என்றால் ஒன்பது பேர். அவர்கள் ஒருவரும் உரைகளை நிம்மதியாகக் கேட்க முடியாது.

கலையரங்கை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருள் போதும். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஒலி இரைந்தால் முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள். கழுத்தில் மாட்டும் மைக் இரண்டு, பார்வையாளர்களுக்குக் கையில் பிடிக்கும் மைக் ஒன்று. கலையரங்கின் ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து நேராக லேப்டாப்புக்குக் கம்பி இழுக்க முடியுமா என்று முந்தின வாரமே போய்ப் பாருங்கள். கல்லூரி மின்பணியாளரைத் தோழராக்கிக்கொள்ளுங்கள். மாநாடு முடிந்த பிறகு வீடியோக்களை வெட்டி ஏற்ற ஒருவரை இப்போதே நியமியுங்கள். இல்லையென்றால் அவை யாரோ ஒருவருடைய வன்தட்டில் அடுத்த பொங்கல்வரை தூங்கும்.


இடைவேளை (சென்னை):

இரண்டாம் நாள்.

பெங்களூரில் 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் தொடங்கி, 2005இல் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிய மாநாட்டை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். 2012இல் அதன் கடைசிப் பதிப்பு நடந்தது. பெயர் மாறிய சில ஆண்டுகளுக்குப் பிறகு அதன் அமைப்பாளர்கள் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்களே, இவர்களில் பங்களிப்பவர் எத்தனை பேர்? பிறகு உரைகளைக் குறைத்து, திட்டங்களை நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யும் அமர்வுகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். முணுமுணுப்பு எழாமல் இல்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

மற்ற ஊர்களில் இதற்கு வேறு வேறு விடைகள். பைத்தான் மாநாடுகளில் உரைகள் முடிந்த பின் ஸ்பிரின்ட் என்று சேர்ந்து நிரல் எழுதத் தனியே நாட்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குகிறவர்கள் தலைகீழ்: மாநாட்டுக்கு முந்தைய வாரம் டெப்கேம்ப் என்று கூடி வேலை செய்துவிட்டு, பிறகுதான் உரை. 2023 செப்டம்பரில் அவர்களுடைய டெப்கான்ஃப் மாநாடு நம் பக்கத்துக் கொச்சியிலேயே நடந்தது. ஆஸ்திரேலியாவின் லினக்ஸ் மாநாட்டில் முதல் இரண்டு நாட்களைச் சிறு மாநாடுகளுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்னும் கடுமை: அங்குள்ள நுண்மாநாடுகளில் முடிந்த வேலையைப் பற்றி உரையாற்றக் கூடாது, தீராத சிக்கலைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும்.

உங்களுக்கு இரண்டே நாட்கள். முதல் நாள் கேட்பது, இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் செய்வது. ஆய்வகத்தின் 70 கணினிகள் அதற்குத்தான்.

இங்கேதான் பெரும்பாலான மாநாடுகள் கவிழ்கின்றன, காரணம் நெட்வொர்க். கல்லூரியின் தீச்சுவர் 22ஆம் துறையை (போர்ட்) மூடிவைத்திருக்கும், எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்குப் போக முடியாது. எச்.டி.டி.பி.எஸ். முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், அல்லது கிட்ஹப் 443ஆம் துறையில் தரும் எஸ்.எஸ்.எச். வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு, டெபியன் மென்பொருள் பொதிகளை 70 பேரும் தனித்தனியே இறக்கினால் இணைப்பு படுத்துவிடும். ஒரு பழைய கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவினால், முதல் ஆள் இறக்கியது மற்றவர்களுக்கு உள்ளூரிலேயே கிடைக்கும்.

தமிழ் விக்கிப்பீடியாவையோ, பழைய நூல்களை மின்னாக்கும் விக்கிமூலத்தையோ எடுத்துக்கொண்டால் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகள்தான் தொடங்கலாம். கல்லூரி முழுவதும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். ஏழாவது மாணவருக்குப் பிழைச் செய்தி வரும். பயிற்சி தருபவர் திகைத்து நிற்பார். முன்கூட்டியே விக்கிமீடியாவிடம் விலக்குக் கேட்கலாம். அதைவிட எளிது, வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கி வரச் சொல்வது.

எந்த வேலையைக் கொடுப்பது? மூன்று மணி நேரத்தில் ஒரு புதியவர் முடித்துக் காட்டக்கூடியது மட்டும். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் மூலநிரலைத் தொகுக்கச் சொன்னால் மாலைவரை தொகுத்துக்கொண்டே இருக்கும். அதே லிப்ரே ஆபிஸின் தமிழ் மொழியாக்கத்தை வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில், உலாவியிலேயே செய்யலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் தங்கள் ஊர்த் தெருவைச் சேர்க்கலாம். திருச்சிக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது பிடித்துவிடும், தன் தெரு வரைபடத்தில் இல்லை என்பது யாருக்கும் கொஞ்சம் உறைக்கும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, திட்டத்தை நடத்துபவரே வந்து உட்கார்ந்தால் மட்டும் நிரல் வேலை. அவர் வராமல் "எளிய சிக்கல்" என்ற முத்திரையைத் தேடச் சொல்லி விடாதீர்கள். 40 பேர் எழுத்துப்பிழை திருத்தி, சேர்க்கச் சொல்லி அனுப்பும் 40 கோரிக்கைகளை எங்கோ ஒரு தன்னார்வலரின் தலையில் கொட்டுவது பங்களிப்பு ஆகாது.

இப்போது அந்தக் காலி வகுப்பறை. ஹாரிசன் ஓவன் என்பவர் 1985இல் ஓப்பன் ஸ்பேஸ் என்ற கூட்ட முறையைத் தொடங்கினார். மாநாடுகளில் மக்கள் உண்மையில் ரசித்தது காபி இடைவேளையைத்தான் என்பதிலிருந்து பிறந்த யோசனை. (என் புனைபெயரும் அதே கட்சிதான்.) நிரல் கிடையாது, வந்தவர்களே தலைப்பை எழுதி ஒட்டுவார்கள். "இரண்டு கால் விதி" என்று ஒன்று உண்டு: ஓர் அமர்வில் கற்கவும் இல்லை, கற்பிக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு அமர்வுக்குப் போய்விடலாம்.

முழு மாநாட்டையும் இந்த முறையில் நடத்தச் சொன்ன நண்பரிடம் சொல்லுங்கள்: நம் கல்லூரிகளில் அந்த இரண்டு கால்களும் துறைத்தலைவருடையவை. ஆன் டியூட்டி கொடுத்து, வருகைப்பதிவேட்டோடு ஒரு வகுப்பையே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். எழுந்து போனால் பெயர் போகும் என்று பயப்படும் பிள்ளை எந்தத் தலைப்பையும் எழுதி ஒட்டாது. அதனால் காலி வகுப்பறையில் ஒரு வெள்ளைப்பலகை, அரை மணிக்கு ஒரு கட்டம். விரும்புகிறவர்கள் எழுதட்டும். முதல் இரண்டு கட்டங்களை நீங்களே ஆள் வைத்து நிரப்பிவிடுங்கள். வெற்றுப்பலகையில் முதல் பெயரை எழுத யாரும் துணிய மாட்டார்கள்.

இந்தக் கலந்துரையாடல்களை மாலை ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். வெளிநாட்டு மாநாடுகளில் அதுதான் வழக்கம். இங்கே பெண்கள் விடுதி வாயில் எப்போது மூடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். பல கல்லூரிகளில் ஆறு, ஆறரை. வெளியூர் பஸ் பிடிக்க வேண்டியவர்களும் இருப்பார்கள். நண்பகலில் வையுங்கள், ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் முடியுங்கள். பிறகு "பெண்கள் ஏன் கலந்துகொள்வதில்லை?" என்று தனியாக ஒரு குழு விவாதம் போட வேண்டியிருக்காது.


பென்டிரைவ் (தஞ்சாவூர்):

வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு மாணவி. அந்த 44இல் என் விண்ணப்பமும் ஒன்று. எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவிய அனுபவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பெயரை மறைத்துப் படித்தாலும், ஆங்கிலத்தில் அழகாக எழுதுகிறவர்களுக்குத்தானே மதிப்பெண் போகும்? தமிழில் பேசினால் என்னைத் தமிழ்க் கணிமை டிராக்கில் போட்டுவிடுவார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது. என் தலைப்பு நூலகம்.


இடைவேளை (சென்னை):

உங்கள் இரண்டாவது கேள்வியை அமைப்பாளர்கள் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துரு, உள்ளீட்டு முறை, எழுத்துணரி, பேச்சுத் தரவு, இவற்றைப் பற்றிய உரைகளுக்கு ஓர் அமர்வு இருக்கட்டும், அது ஒரு துறை. தமிழில் பேசுவது துறை அல்ல. எந்த அறையிலும் எவரும் தமிழில் பேசலாம் என்று விண்ணப்ப அறிவிப்பிலேயே எழுதுங்கள். நிரலில் ஒவ்வொரு உரைக்கும் பக்கத்தில் பேச்சு மொழியைக் குறியுங்கள், பெங்களூரிலிருந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில் என்றால் யாருக்கும் சிரமம் இல்லை.

முதல் கேள்விக்கு: விண்ணப்பத்தில் சுருக்கம் கேட்பதோடு, "இதைச் செய்தபோது எது வேலை செய்யவில்லை?" என்றும் ஒரு கேள்வி வையுங்கள், காவிரிக்கரைத் தம்பி. உண்மையில் நிறுவியவருக்கு அதில் பத்து வரி வரும். அழகாக எழுதத் தெரிந்தவருக்கு ஒன்றும் வராது. முதல்முறைப் பேச்சாளர்களை ஜிட்சி என்ற காணொளிச் சந்திப்புச் செயலியில் ஒரு முறை ஒத்திகை பார்க்க வையுங்கள். நூலகத்துக்குக் கோஹா நிறுவிய கதையை முதல் நாள் கலையரங்கில் கேட்க நான் வருவேன். நூல்விவரங்களைப் பதியும் மார்க் முறை, பார்கோடு, பழைய பதிவேட்டிலிருந்து தரவு ஏற்றியது, எல்லாம் சொல்லுங்கள்.


காவிரிக்கரை (திருச்சி):

மிக்க நன்றி அக்கா. நேற்றுக் குழுவில் படித்துக்காட்டினேன். ஐந்து டிராக்குகளில் இரண்டுக்குத்தான் ஆள் கிடைத்தது, நீங்கள் சொன்னபடியே. நிர்வாகம் ஒன்று, மொழியும் பங்களிப்பும் ஒன்று. கலையரங்கம், ஒரு வகுப்பறை, வெள்ளைப்பலகை அறை, ஞாயிறு மதியம் ஆய்வகம் என்று மாற்றிவிட்டோம்.

இரண்டு முட்டுக்கட்டைகள் நிற்கின்றன. ஒரு புரவலர் நிறுவனம் தொடக்க உரை தங்களுக்கே வேண்டும் என்கிறது; பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. இன்னொன்று, தொடக்க விழாவைக் குறைக்கக் கல்லூரி ஒப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் கேட்கிறார்கள்.


இடைவேளை (சென்னை):

புரவலருக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மேசை கொடுங்கள். மேடையைவிட அங்கேதான் 300 பேரும் கடந்து போவார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள், பொய்யும் அல்ல. பேசியே ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம், நிரலில் "புரவலர் உரை" என்ற தெளிவான குறிப்போடு, உணவுக்கு முந்தைய அமர்வில். தொடக்க உரையை விற்காதீர்கள். ஒருமுறை விற்றால் அடுத்த ஆண்டு அதற்கு விலைப்பட்டியல் கேட்பார்கள். அவர்களிடம் கட்டற்ற திட்டத்துக்கு நிரல் எழுதும் பொறியாளர் இருந்தால் அவர் மற்றவர்களைப் போல விண்ணப்பிக்கட்டும். நல்லதாக இருந்தால் எடுங்கள்.

விழாவை எதிர்க்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். ஒன்பதரைக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கு வருவார், உங்களுக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும். ஒன்பதரைக்கு நேராக முதல் உரை, அடுத்து இரண்டாவது. பதினொன்றரைக்கு விழா. விருந்தினர் நிறைந்த அரங்கைப் பார்ப்பார், முதல்வர் மகிழ்வார், விழாவுக்குப் பின்னால் மதிய உணவு நிற்பதால் யாரும் நீட்டவும் மாட்டார்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். கல்யாணப் பந்தி மாதிரி எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க இயலாது. வகுப்பறையைக் கால் மணி நேரம் முன்னதாகவே விட்டுவிடுங்கள், வரிசை இரண்டாகப் பிரியும். மின்னல் உரைகளை ஞாயிறு கடைசியில் கலையரங்கில் வையுங்கள்: ஐந்து நிமிடம், ஒரே லேப்டாப், ஸ்லைடு பி.டி.எஃப். ஆக முன்பே வந்துவிட வேண்டும், மணி அடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பேச்சாளர் இறங்க வேண்டும். பேராசிரியராக இருந்தாலும்.


காவிரிக்கரை (திருச்சி):

தொடக்க விழாவைப் பதினொன்றரைக்கு மாற்றக் கல்லூரி ஒப்புக்கொண்டது. முதல்வருக்கே அது வசதியாம். புரவலர் இன்னும் பதில் தரவில்லை. ப்ரீடாக்ஸ் தளத்தை நிறுவிவிட்டோம், "எது வேலை செய்யவில்லை?" என்ற கேள்வியையும் சேர்த்து 44 பேருக்கும் அனுப்பியிருக்கிறோம். ஆய்வகப் பொறுப்புதான் இன்னும் யாரும் ஏற்கவில்லை. தற்போதைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன்.


இடைவேளை (சென்னை):

நீங்கள் பார்க்கக் கூடாது. தலைமை அமைப்பாளர் ஓர் அறையில் அடைபட்டால் மற்ற மூன்றிலும் கேட்க ஆள் இருக்காது. ஒலிக்கம்பித் தம்பி ஞாயிறு மதியம் கேமராவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்கு வருவாரா என்று கேளுங்கள், அவருக்கு நெட்வொர்க்கும் தெரியும். ஆய்வகச் சாவியை வெள்ளிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எந்த ஆய்வக உதவியாளரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்.


ஒலிக்கம்பி (கோவை):

வருகிறேன். 22ஆம் துறையை முந்தின வாரமே சோதித்துவிட்டு எழுதுகிறேன். கலையரங்க மின்பணியாளரின் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.